இடது மூலைத் தூசு

தூசு வளராது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். கேமராவுக்குள் ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டால், எடுக்கிற படத்திலெல்லாம் அதே இடத்தில், அதே அளவில், மச்சம் மாதிரி நிற்கும். அவ்வளவுதான்.

ஏரிப் படங்கள் வர ஆரம்பித்த முதல் நாளே, இடது மூலையில் நாணலுக்கு நடுவே அந்தக் கறுப்புப் புள்ளியைப் பார்த்துவிட்டாள். பக்கத்து நாணலைப் பெரிதாகவே எடுத்து அதன்மேல் ஒட்டி மறைத்தாள். ஒவ்வொரு படத்தோடும் யார் மாரடிப்பது என்று, இனி வரும் எல்லாவற்றுக்கும் அந்தத் திருத்தம் தானாகவே விழும்படி செய்துவைத்தாள். இன்றோ அந்த ஒட்டுக்கு வெளியே கறுப்பாக ஒரு விளிம்பு எட்டிப்பார்த்தது.

பட்டப்பகல்தான். ஆனால் நிறம் பிசகக் கூடாதென்று எப்போதும்போல் சன்னல் திரைகளை இழுத்துவிட்டிருந்தாள். கணினியின் விசிறி முனகிக்கொண்டிருந்தது. ஆறிப்போன காபியின் வாடையும் சூடேறிய பிளாஸ்டிக்கின் வாடையும் அறைக்குள் தேங்கி நிற்க, திரையின் நீல வெளிச்சம் அவள் கைகளில் மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

அவள் கணவன் காட்டைப் படம் பிடிப்பவன். மலைக்கு அப்பால் ஏரிக்கரையில் தனியாகக் கூடாரம் போட்டிருந்தான். அவன் எடுப்பது ஃபோன் வழியாக உடனே இவளிடம் வரும். இவள் திருத்தி அனுப்புவாள். கல்யாணமான நாளிலிருந்து அவனுக்கு ஒரே பல்லவி: “கேமரா பாத்தது வேண்டாம். நான் பாத்த மாதிரி வேணும்.” பனியின் சாம்பல் முதல் தண்ணீரின் பச்சை வரை அவன் கண் இவளுக்கு அத்துப்படி.

அவனை அழைத்தாள்.

“என்னங்க, கேமராவத் தொடைச்சீங்களா? தூசு அப்படியே இருக்கு.”

“அந்தக் கேமராவ காலையிலேயே மாத்திட்டேனே. இது புதுசு, மேடம்.”

அவள் கை மவுஸின் மேல் நின்றுவிட்டது.

“ஒண்ணு சொல்றேன், சிரிக்காத,” என்றான். “வந்ததுலேர்ந்து நாணலுக்குள்ள யாரோ நிக்கிற மாதிரியே இருக்கு. மூட்டையக் கட்டிடலாம்னுகூட நெனச்சேன். ஆனா நீ அனுப்புற படத்தைப் பெருசு பண்ணிப் பாத்தா ஒண்ணுமே இல்ல. என் கண்ணைவிட உன்னைத்தான் நம்பறேன்.”

பழைய படங்களில் திருத்தத்தை ஒவ்வொன்றாக நீக்கினாள்.

முதல் நாள், எதிர்க்கரையில் ஒரு புள்ளி. மறுநாள் அந்தப் புள்ளிக்குத் தோள் இருந்தது. பிறகு தலை. இன்று காலை அது இக்கரையில் நின்றது. அடையாளம் தெரிய நிழலை வெளுக்க வெளுக்க, சுற்றிலும் எல்லாம் வெளுத்தது. முகம் வெளுக்கவில்லை.

“கெளம்புங்க. உடனே கெளம்புங்க. அது அங்க இருக்கு. நான்தான் அழிச்சிட்டேன்.”

“என்ன? கேக்கல... அந்த நாணலுக்குள்ளேயே போய் நின்னுட்டா மனசு தெளிஞ்சிடும். கேமரா தானா எடுத்துக்கிட்டிருக்கும். என்னைக் கொஞ்சம் அழகாக் காட்டு.”

தொடர்பு அறுந்தது. மறுபடி அழைத்தாள். மறுபடி. மணிகூட அடிக்கவில்லை.

ஒரு படம் வந்தது. ஏரி. பனி. மூலையில் அழகான நாணல். அவன் இல்லை.

புதிதாக வருவதில் திருத்தம் இன்னும் விழுந்துகொண்டிருக்கிறது. நீக்கினாள்.

இருந்தான். அது நின்ற அதே இடத்தில், ஆரஞ்சுச் சட்டையோடு, மங்கலாக. தனியாக. கறுப்பு எங்கேயும் இல்லை. அவளுக்கு மூச்சு வந்தது.

அடுத்த படம். திருத்தத்தை நீக்கினாள். அவன் முகம் துல்லியமாக இருந்தது.

அவன் ஃபோகஸைக் கையால்தான் வைப்பான். தானாக எடுக்கும்போது அது மாறாது. யாராவது லென்ஸ் வளையத்தைத் திருப்பினால்தான் மாறும்.

அவன் கேமராவைப் பார்க்கவில்லை. அதற்குச் சற்று மேலே பார்த்துக்கொண்டிருந்தான். வாய் திறந்திருந்தது.

ஃபோன் அதிர்ந்தது. அவன் எண்ணிலிருந்து ஒரு செய்தி.

“நான் பாத்த மாதிரி வேணும். இடது மூலையில தூசு இருக்கு. எடுத்துடு.”

அவள் எதையும் தொடவில்லை. அடுத்த படம் தானாகத் திறந்தது. ஒரு கணம் இருந்தான். சட்டை. வாய். அவளை நோக்கி நீட்டிய கை. பிறகு திருத்தம் விழுந்தது. நாணல் அவன்மேல் மூடிக்கொண்டது.

ஒட்டுக்கு வெளியே விரல்கள் மட்டும் எட்டிப்பார்த்தன.