மூன்றாவது தடைக்கு முன்னால்

காலை மணி 6.47. பயிற்சி மைதானத்தின் மூன்றாவது தடைக்கு முன்னால் சிட்டு விழுந்தாள்.

அவள் விழுந்த சத்தத்தை விட, அதற்கு அரை நொடி முன்னால் கேட்ட சத்தம்தான் தன்னை உலுக்கிவிட்டதாக பயிற்சி தரும் மாஸ்டர் பிறகு சொன்னார். காய்ந்த குச்சியை முழங்காலில் வைத்து ஒடித்தது போல ஒரு ‘சடக்’. அடுத்து அலறல்.

சிட்டு என்பது பட்டப்பெயர். இருபத்தொரு வயது. தடைதாண்டும் ஓட்டத்தில் அவளுக்குப் பக்கத்தில் வரக்கூடியவள் ஒருத்திதான்: அவளுடைய அறைத்தோழி நெட்டை. ஐந்து நாளில் தேர்வுப் போட்டி. இடமோ ஒன்றே ஒன்று.

7.05க்கு ஆம்புலன்ஸ் போனது. 7.20க்கு மாஸ்டர் கவிழ்ந்து கிடந்த தடையைத் தூக்கி நிறுத்தப் பார்த்தார். நிற்கவில்லை. ஒரு பக்கக் கால் கழன்று கையோடு வந்தது. அதைப் பிடித்திருக்க வேண்டிய நட்டைக் காணோம். 7.30க்கு அந்த நட்டு நெட்டையின் ஷூ பைக்குள் இருந்து கிடைத்தது.

8.15க்கு இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினார். நாற்பது வயதுப் பெண்மணி. அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து, கூட வந்த ஏட்டு பேசிவிடுவார்.

“கேஸ் முடிஞ்ச மாதிரிதான் மேடம்,” என்றார் ஏட்டு, நட்டை உறையில் போட்டுக்கொண்டே. “பொண்ணுக்கு மரை கழண்டிருக்கு. அதனால நட்டையும் கழட்டிட்டா.”

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கையாலேயே திருகிக் கழற்றும்படி இரண்டு காது வைத்த நட்டு. ஒரு காதின் மேல் பழுப்பாக ஒரு கறை.

“இது என்ன?”

“துரு மேடம்.”

“ஹர்டில் எப்ப வாங்கினது?”

“போன மாசம்தான்,” என்றார் மாஸ்டர்.

இன்ஸ்பெக்டர் மற்ற தடைகளைப் பார்த்தார். வெயிலில் கண்ணைப் பறிக்கும்படி மின்னிக்கொண்டிருந்தன. உறையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

8.40. சாமான்கள் வைக்கும் அறை. நெட்டை ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து முழங்கால் இரண்டையும் கைகளால் அணைத்துக்கொண்டிருந்தாள்.

“நேத்து சாயங்காலம் அவகூட சண்டை போட்டியா?”

“ஆமா மேடம்.”

“என்ன சொன்னே?”

“உன் காலை ஒடிச்சாத்தான் எனக்கு வழி விடுவே போலன்னு... விளையாட்டாத்தான் சொன்னேன்.”

“எதுக்குச் சண்டை?”

“ஃபேன் போடறதுக்கு. அவளுக்கு அடிக்கடி தலைவலி வரும், சுள்ளுனு விழுவா. நானும் பதிலுக்குக் கத்தினேன். அரை மணி நேரத்துல ராசியாயிட்டோம். ரூம்ல அவ என்கிட்ட ஒண்ணுமே ஒளிச்சதில்ல மேடம். ஹாஸ்டல்ல மாசா மாசம் கொடுக்கிற நாப்கின்ல அவ பங்கையும் எனக்கே தந்துடுவா. எனக்கு அதிகமாத் தேவைப்படும், அவளுக்குத் தேவையே இல்ல. அவ காலை நான் ஒடிப்பேனா?”

எழுதிக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது. “தேவையே இல்லன்னா?”

“அவளுக்கு வராது மேடம். ஓடற பொண்ணுங்களுக்குச் சில சமயம் அப்படித்தான்னு அவ சித்தி சொல்லியிருக்காங்க.”

“சித்தி யாரு?”

“எங்க நர்ஸம்மாதான். அவளுக்குச் சொந்தச் சித்தி. தூக்கி வளர்த்ததே அவங்கதான்.”

“அவ விழுந்தப்போ நீ எங்க இருந்தே?”

“ஸ்டார்ட்டிங் கோட்டுல. அங்கயே நில்லுன்னு மாஸ்டர் கத்தினார். அப்புறம் ஆம்புலன்ஸுக்குக் கேட்டைத் திறந்துவிட ஓடினேன். அவ பக்கத்துலயே போகல.”

9.10. மாஸ்டரின் முறை. மனிதருக்குக் கோபம் மூக்கு நுனியில் இருந்தது.

“இதுல விசாரிக்க என்ன மேடம் இருக்கு? நட்டு அவ பையில இருந்துச்சு.”

“பையைப் பார்க்கணும்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு?”

மாஸ்டர் யோசித்தார். “நர்ஸம்மா ஆம்புலன்ஸ்ல ஏறும்போது சொன்னாங்க. இது தானா விழுந்த மாதிரி தெரியல, அந்த ஹர்டிலையும் பசங்க பையையும் பாருங்கன்னு.”

“பை எங்க இருந்தது?”

“பெஞ்சுல. முதலுதவிப் பெட்டிக்குப் பக்கத்துல.”

“விழுந்தவகிட்ட முதல்ல போனது?”

“நர்ஸம்மா. முழங்கால் ரெண்டும் சிராய்ச்சு ரத்தம் வந்துச்சு. துடைச்சு மருந்து போட்டாங்க. நான் போன் பேச கேட்டுக்கு ஓடினேன். மைதானத்துக்குள்ள சிக்னல் கிடைக்காது.”

“அப்போ அவங்க ரெண்டு பேர் மட்டும்தான் அங்க இருந்தாங்க. பயிற்சியை வீடியோ எடுப்பீங்களா?”

“தினமும். விழுந்ததும் நிறுத்திட்டேன்.”

போனை வாங்கி இன்ஸ்பெக்டர் அந்தப் பதினொரு விநாடி வீடியோவை நான்கு முறை ஓட்டிப் பார்த்தார். பிறகு ஏட்டிடம் கொடுத்தார்.

“என்ன தெரியுது?”

“ஓடறா. விழறா.”

“மெதுவா ஓட்டிப் பாருங்க. ஹர்டிலை மட்டும் பாருங்க.”

ஏட்டு பார்த்தார். அவர் வாய் அடைத்துப்போனதை அந்த நிலையத்தில் யாரும் அதுவரை கண்டதில்லை.

11.20. எலும்பு சிகிச்சைப் பிரிவு. டாக்டரம்மா எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டினார்.

“யாராவது தள்ளிவிட்டாங்களா, தடுக்கினாளான்னு கேக்கறீங்க. எனக்குத் தெரியாது. ஆனா கெண்டைக்கால் எலும்புல இங்க பாருங்க. உடைஞ்ச இடத்தைச் சுத்தி எலும்பு ஆறப் பார்த்திருக்கு. இந்த விரிசல் இன்னிக்கு வந்ததில்ல. மூணு நாலு வாரமாவது ஆயிருக்கும். அதோடயே ஓடியிருக்கா.”

“இந்த வயசுலயா?”

“கடுமையா ஓடி, சரியாச் சாப்பிடாத பொண்ணுங்களுக்கு வரும். ஆனா இவ எலும்பு மொத்தமாவே மெலிஞ்சு தெரியுது. அடர்த்திப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கேன். வேற காரணமும் இருக்கணும்.”

சிட்டு கண்ணை விழித்துப் படுத்திருந்தாள். காலில் கட்டு. வலிக்கு மருந்து கொடுத்திருந்தார்கள். சித்தி துணி எடுத்துவர விடுதிக்குப் போயிருந்தாள்.

“கால் எத்தனை நாளா வலிச்சுது?”

“மூணு வாரமா. நரம்பு இழுத்திருக்குன்னு சித்தி ஸ்ப்ரே அடிச்சாங்க.”

“வேற ஏதாவது மருந்து எடுத்துக்கறியா?”

“இல்ல மேடம். சத்து ஊசி மட்டும்தான். மூணு மாசத்துக்கு ஒண்ணு. சித்திதான் போடுவாங்க.”

“எப்ப இருந்து?”

“பதினேழு வயசுல. அப்பல்லாம் மாசா மாசம் சுருண்டு விழுந்துடுவேன். ரெண்டு போட்டி அதனாலேயே போச்சு. உடம்புல சத்தில்லன்னு சித்தி ஆரம்பிச்சாங்க. அதுக்கப்புறம் நான் தோத்ததே இல்ல.” சொல்லும்போது அந்த முகத்தில் ஒரு சின்னப் பெருமை வந்து போனது.

“ஊசி மருந்து என்ன நிறம்?”

“பால் மாதிரி வெள்ளையா இருக்கும். நல்லாக் குலுக்கிட்டுப் போடுவாங்க. போட்ட இடத்தைத் தேய்க்கவே விடமாட்டாங்க. ஏன் மேடம்?”

“சும்மாத்தான்மா.”

இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். நேராக டாக்டரம்மாவின் அறைக்குத் திரும்பிப்போய்ப் பத்து நிமிடம் பேசினார்.

3.40. மைதானத்தை ஒட்டிய மருத்துவ அறை. நர்ஸ் அழுது சிவந்த கண்களுடன் வரவேற்றாள். மெலிந்த, சுத்தமான பெண். விரல் இடுக்குகளில் மருந்தின் மஞ்சள் இன்னும் போகவில்லை. மாஸ்டரும் நெட்டையும் வந்து நின்றார்கள். ஏட்டு கதவருகில் நின்றுகொண்டார்.

“சிட்டுவுக்கு நீங்க போடற சத்து ஊசியைக் காட்டுங்க,” என்றார் இன்ஸ்பெக்டர்.

நர்ஸ் தயங்காமல் ஒரு பெட்டியை எடுத்துத் திறந்தாள். உள்ளே சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள். மாதுளைச் சாறு போலச் சிவப்பு மருந்து. “வைட்டமின் மேடம். எல்லாருக்கும் போடறதுதான்.”

இன்ஸ்பெக்டர் பெட்டியை மூடி வைத்தார். பிறகு தன் பையிலிருந்து நட்டை எடுத்தார். மேசையில் இருந்த பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அந்தப் பழுப்புக் கறையை ஒரே ஒரு முறை துடைத்தார். பஞ்சு மஞ்சளாயிற்று.

“துரு இப்படித் தண்ணியில கரையாது. இது காயத்துக்குப் போடற மருந்து. இன்னிக்குக் காலையில அந்த மருந்தைத் தொட்ட கை ஒண்ணே ஒண்ணுதான். அவ விழுந்து, முழங்கால்ல ரத்தம் வந்து, மருந்தும் போட்ட பிறகுதான் இந்த நட்டு கழண்டிருக்கு. அந்த நேரம் மாஸ்டர் கேட்டுல. நெட்டையும் கேட்டுல.”

“அப்போ அவ எதுல இடறி விழுந்தா?” என்றார் மாஸ்டர்.

“எதுலயும் இல்ல. உங்க வீடியோவைப் பாருங்க. அவ தாவறதுக்குக் காலை ஊன்றா, முகம் கோணுது. அப்புறம்தான் ஹர்டில் மேல போய் விழறா. ஹர்டில் முழுசாக் கவிழுது, அதோட காலு கழண்டு போகல. நீங்களே சொன்னீங்க, சடக்குனு சத்தம் முதல்ல, விழுந்தது அப்புறம். ஹர்டில் அவ காலை ஒடிக்கல. ஒடிஞ்ச காலுதான் ஹர்டிலைத் தள்ளியிருக்கு.”

இன்ஸ்பெக்டர் குப்பிப் பெட்டியை நர்ஸ் பக்கம் தள்ளினார்.

“இந்தச் சிவப்பு ஊசியைக் குலுக்க வேண்டாம். தேய்க்காதேன்னு சொல்லவும் வேண்டாம். சிட்டுவுக்குப் போட்டது பால் மாதிரி வெள்ளை, மூணு மாசத்துக்கு ஒண்ணு. எனக்கு அது தெரியும் நர்ஸம்மா. ரெண்டாவது குழந்தைக்கு அப்புறம் நானே ஆறு ஊசி போட்டுக்கிட்டேன். கருத்தடை ஊசி. எனக்குத் தலைவலி வந்துச்சு, எடை கூடுச்சு, மாசவிடாய் நின்னுபோச்சு. ஆனா இதெல்லாம் வரலாம்னு போடறதுக்கு முன்னாடியே என்னை உட்கார வச்சுச் சொன்னாங்க. ரெண்டு வருஷத்துக்கு மேல வேணும்னா எலும்பை யோசிக்கணும்னும் சொன்னாங்க. இவளுக்கு நாலு வருஷம். அதுவும் எலும்பு வளர்ந்து கெட்டிப்படற வயசுல.”

நர்ஸ் கட்டிலில் உட்கார்ந்தாள். மறுக்கவில்லை. ரொம்ப நாளாகத் தூக்கிச் சுமந்ததை இறக்கி வைக்கிறவள் போலப் பேசினாள்.

“முதல்ல ஒரு டாக்டரம்மாதான் எழுதிக் கொடுத்தாங்க. அந்த வலிக்காக. ஒரு வருஷத்துக்கு. திரும்பக் கூட்டிட்டு வா, பார்க்கலாம்னாங்க. நான் கூட்டிட்டுப் போகல. அவ ஜெயிக்க ஆரம்பிச்சுட்டா மேடம். மாசத்துல அஞ்சு நாள் சுருண்டு கிடந்த பொண்ணு எழுந்து பறந்தா. எப்படி நிறுத்தறது?”

“அவகிட்ட ஏன் சொல்லல?”

“கருத்தடை ஊசின்னு பேரு. கல்யாணமாகாத பொண்ணு. ஹாஸ்டல்ல ஒருத்தி காதுல விழுந்தா போதாதா? ஊர் வாயை மூட உலைமூடி இருக்கா?”

“அந்தப் பேருக்குப் பயந்து இந்தப் பொண்ணு பேரைக் கெடுத்தீங்களா?” இன்ஸ்பெக்டர் நெட்டையைக் காட்டினார்.

நர்ஸ் தலை நிமிரவில்லை. “அந்தச் சத்தம் கேட்டதுமே எனக்குப் புரிஞ்சுபோச்சு. எலும்பைப் பரிசோதிச்சா என் குட்டு வெளிப்படும். வேற காரணம் கண்ணு முன்னாடி இருந்தா யாரும் எலும்பைத் தோண்ட மாட்டாங்கன்னு நினைச்சேன். கை தானா திருகிடுச்சு.”

நெட்டை வெளியே போனாள். மாஸ்டர் அவள் பின்னாலேயே ஓடினார். மைதானத்தின் நடுவில் நின்று அவர் அவளிடம் கை கூப்புவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

“ஒரே ஒரு உதவி மேடம்,” என்றாள் நர்ஸ். “அவகிட்ட நானே சொல்லணும்.”

5.30. மருத்துவமனை. நர்ஸ் சொல்லி முடிக்க இருபது நிமிடம் ஆனது. சிட்டு குறுக்கே பேசவில்லை, அழவும் இல்லை. டாக்டரம்மாவைப் பார்த்து ஒன்று மட்டும் கேட்டாள்.

“எலும்பு பழையபடி வருமா டாக்டர்?”

“ஊசியை நிறுத்தினா மெல்ல மெல்லத் திரும்பும். நிறையப் பேருக்குத் திரும்பியிருக்கு. ஒழுங்காச் சாப்பிடணும். மாசங்கள் இல்லம்மா, வருஷங்கள் ஆகலாம். முழுசா வருமான்னு இன்னிக்கே நான் வாக்குக் கொடுத்தா அது பொய்.” டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “மருந்து மேல குத்தமில்ல. எத்தனையோ பேருக்கு உதவற மருந்து. உன் வலிக்கும் அது உதவியிருக்கு.”

சிட்டு சித்தியின் பக்கம் திரும்பினாள்.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே சரின்னு சொல்லியிருப்பேனே சித்தி. எலும்பு போகும்னு தெரிஞ்சும் சொல்லியிருப்பேன். ஏன் கேக்கல?”

நர்ஸ் தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

இன்ஸ்பெக்டருக்கு இந்த வேலையில் பதினாறு வருஷம். கொலைகாரர்களைக் கைநீட்டிச் சுட்டிக்காட்டியபோதெல்லாம் நெஞ்சு லேசாகியிருக்கிறது. இன்று அப்படி எதுவும் ஆகவில்லை.

“உன் வாக்குமூலம் நாளைக்கு வாங்கிக்கறேன்மா,” என்றார். “தூங்கு.”

“வேண்டாம் மேடம். இப்பவே எழுதுங்க.” சிட்டு முழங்கையை ஊன்றித் தலையணையில் கொஞ்சம் எழுந்தாள். “முதல்ல நெட்டை பேரை அடிங்க.”

“அடிச்சாச்சு.”

“சரி,” என்றாள் சிட்டு. குரல் அப்போதுதான் உடைந்தது. “இப்ப சித்தி பேரை எழுதுங்க.”