வெட்டு மேசை

வெட்டுத்துணி மூட்டையிலிருந்து நாற்றம் வந்தது.

செத்த எலி என்றுதான் அம்மா முதலில் நினைத்தாள். இருபது வருடமாக முன்னறையில் தையல் மிஷின் போட்டிருப்பவளுக்கு எலி புதிதல்ல. ஆனால் இது புளித்த பாலும் பூசணம் பிடித்த சோறும் ஈரத்துணியும் ஒன்றாக அடைந்து கிடந்து, இனிப்பும் கசப்புமாக அடித்தொண்டையில் போய் ஒட்டிக்கொள்கிற வாடை. மூட்டையைத் தரையில் கவிழ்த்தாள். பூப்போட்ட துண்டுகள், கோடு போட்ட துண்டுகள், கழுத்துக்கு வெட்டிய அரைவட்டங்கள். அவற்றுக்கு நடுவே சின்னச் சின்ன முடிச்சுகள். எல்லாம் ஒரே அளவு. யாரோ பொறுமையாக மூலைக்கு மூலை மடித்து, நூல் சுற்றிக் கட்டியிருந்தார்கள்.

ஒன்றைப் பிரித்தாள். நேற்று அவள் தட்டில் போட்ட சோறு. இன்னொன்றில் பாதி முட்டை. அடுத்ததில் இருந்தது என்னவென்றே தெரியவில்லை. அதன்மேல் சாம்பல் நிறத்தில் முடி முளைத்திருந்தது.

"அதை ஏம்மா கொட்டறே?"

முதுகுக்குப் பின்னால் மகள் நின்றாள். மாடிப்படி பழைய மரப்படி. பூனை இறங்கினால்கூட முனகும். இவள் இறங்கிய சத்தமே கேட்கவில்லை.

அவளுக்கு அப்பா வைத்த பெயர் வாயாடி. ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர் அவர். "அறுபது பிள்ளைங்க கத்தறதைத் தாங்கிட்டு வந்துடறேன், இவ ஒருத்தி வாயைத் தாங்க முடியல" என்பார். அந்த வாய் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலேஜ் போனதும் பொறுப்பு வந்துவிட்டது என்றுதான் நினைத்தார்கள். வெயில் கொளுத்தும்போதும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டதை, மின்விசிறியை நிறுத்தச் சொல்லி நடுங்கியதை, சீப்பில் கொத்தாக முடி வந்ததை எல்லாம் பார்த்தும் பார்க்காமல் இருந்துவிட்டார்கள்.

அம்மா இன்னொன்றும் செய்திருந்தாள்.

"அம்மா, லூஸா இருக்கு." எட்டு மாதத்தில் எத்தனை முறை இதைக் கேட்டாள்! கேட்டபோதெல்லாம் பக்கத் தையலை உள்ளே தள்ளி, சைடு பிடித்துக் கொடுத்தாள். தன் பெண் தொளதொளவென்று போனால் தையல்காரிக்குத்தானே அவமானம்? துணி கொடுக்க வந்தவர்கள், "உன் பொண்ணு நல்லா இளைச்சுட்டாளே, எங்களுக்கும் அந்த ரகசியத்தைச் சொல்லேன்" என்றபோது அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. தொளதொளத்த சட்டை என்றைக்கோ காட்டிக்கொடுத்திருக்கும். இவள் தையல் எல்லாவற்றையும் கச்சிதமாக மூடிவிட்டது.

மூட்டையைக் கவிழ்த்த அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார்கள்.

டாக்டரம்மா சட்டைக்கையை மேலே தள்ளினாள். பிறந்த குழந்தையின் முதுகில் இருப்பதுபோல் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை மெல்லிய பூனைமுடி.

"உடம்புக்குச் சூடு பத்தலை. தானாவே போர்வை போட்டுக்கப் பார்க்குது. கொழுப்பு கரைஞ்சுபோய் இப்ப தசையைத் தின்னுட்டிருக்கு. இதயமும் தசைதாம்மா. ரொம்ப மெதுவாத் துடிக்குது. எப்ப வேணா நிக்கலாம்."

"மாசாமாசம் வர்றது?" என்றாள் அம்மா.

"அது நின்னு அஞ்சு மாசமாச்சு," என்றாள் மகள், சுவரைப் பார்த்து.

"நாலு அதட்டு அதட்டினா சாப்பிட மாட்டாளா டாக்டர்? சின்னதுல இருந்தே அடம்," என்றார் அப்பா.

"அடமா இருந்தா நானே அதட்டியிருப்பேனே. இது நோய்ங்க. பட்டினியில மூளையும் சேர்ந்து வாடுது. கண்ணாடியில அவ பார்க்கற பொண்ணு வேற, நீங்க பார்க்கற பொண்ணு வேற. சில நேரம் பேசறதுகூட அவளா இருக்காது. நோய் பேசும். ரெண்டுக்கும் ஒரே குரல்."

அந்தக் கடைசி வாக்கியம் அம்மாவோடு வீடுவரைக்கும் வந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டில் ஒன்றுதான் காலி. ஏழு மணிவரை வைத்திருப்பார்கள். மகளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டதால் சேர்க்கைப் படிவத்தில் அவள்தான் கையெழுத்துப் போட வேண்டும். துணி எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று மாடிக்குப் போனவள் இறங்கவில்லை. ஆறேகாலுக்கு அப்பா வண்டியைத் திருப்பி நிறுத்தப் போனார். "ஆஸ்பத்திரிச் சோறு உன் சமையலைவிட மோசமா இருக்கும். அதுக்குப் பயந்தே சீக்கிரம் தேறிடுவா," என்றார். சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

அம்மா படியேறினாள். ஜன்னலில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. மூடிய கதவுக்குப் பின்னால் காலடிச் சத்தம். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு, அந்தச் சுவரிலிருந்து இந்தச் சுவருக்கு, ஓய்வில்லாத ஒரே சீரான நடை. நடையோடு பேச்சும்.

"பசிக்குது."

"பசிக்கலை."

"அம்மா அழறாங்க."

"அழட்டும்."

"செத்துடுவேன்னு சொன்னாங்க."

"அவங்க பொய் சொல்றாங்க. நட."

ஒரே குரல்.

கதவைத் தள்ளினாள். உள்ளே மகள் மட்டும்தான். உதடு நீலம் பாரித்திருந்தது.

"நான் வரலைம்மா. நிஜமாவே மோசமா இருக்கறவங்களுக்கு அந்தக் கட்டிலைக் கொடுக்கட்டும்."

அம்மாவுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வித்தைதான். "அளந்து காட்டினா நம்புவியா?"

மகள் யோசித்தாள். "நம்புவேன். நீ அளந்து என்னிக்கும் தப்பானதில்லையே."

அது பழைய வாயாடியின் குரல். அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கண்ணாடி பொய் சொல்லலாம். அளவு எப்படிப் பொய் சொல்லும்?

கீழே, வெட்டு மேசையில் கறுப்பு லைனிங் துணியை விரித்தாள். துணியில் குறி போடும் வெள்ளைச் சாக்பீஸை மகள் கையில் கொடுத்தாள். "முதல்ல நீ போடு. நீ எவ்வளவு இருக்கேன்னு நினைக்கிறியோ, அவ்வளவு."

தையல்காரி மகளின் கை. தயங்காமல் ஓடியது. தோள் வந்தது. இடுப்பு வந்தது. கோடு விரிந்து விரிந்து மேசை விளிம்பைத் தொட்டது. அதற்குள் மூன்று பேர் படுக்கலாம்.

"சரியா இருக்கா?"

"கொஞ்சம் குறைச்சே போட்டிருக்கேன்."

"ஏறிப் படு."

படுத்தாள். பலகையில் எலும்பு இடித்தது. டக். டக். டக். முதுகு முழுக்க, ஒவ்வொன்றாக.

அம்மா குனிந்து ஓரமாகக் கோடு இழுத்துக்கொண்டு வந்தாள். எத்தனை உடம்புகளைத் தொட்டு அளந்த கை. இங்கே சாக்பீஸுக்குப் பிடிமானமே கிடைக்கவில்லை. எலும்பு. பள்ளம். எலும்பு. விலாவுக்கு வந்தபோது விரலடியில் ஒரு துடிப்பு.

காத்திருந்தாள்.

காத்திருந்தாள்.

இன்னொன்று.

"எழுந்து பாரு கண்ணு."

மேசையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பார்த்தாள். பெரிய கோட்டுக்கு நடுவே, குளத்தில் மிதக்கும் குச்சிபோல், ஒரு சின்ன உருவம்.

வாசலில் ஹாரன் அடித்தது.

மகள் அந்தச் சின்னக் கோட்டை விரலால் தொட்டாள். "அம்மா... இது நானா?"

"நீதாண்டி."

"இவ்வளவுதானா நான்?"

"இவ்வளவுதாண்டி கண்ணு. அம்மா கூடவே இருப்பேன். கையெழுத்துப் போடு." பேனாவை நீட்டினாள்.

கண்ணீர் வழிந்தது. மகள் கையை நீட்டினாள். பேனாவுக்குப் பக்கத்தில் வந்த விரல்கள் நின்றன. முகத்தில் ஏதோ அணைந்தது. கண்ணீர் மட்டும் வழிந்துகொண்டே இருந்தது, வேறு யாருடையதோ போல.

கை சாக்பீஸை எடுத்தது.

"உள்ளே இன்னும் இடம் இருக்கும்மா."

அதே குரல்.

குனிந்தாள். அந்தச் சின்ன உருவத்துக்குள் இன்னொரு கோடு போடத் தொடங்கினாள். கழுத்திலிருந்து. அவசரமே இல்லாமல். தோள் இல்லை. மார்பு இல்லை. ஹாரன் மறுபடி அடித்தது. இந்தப் பக்கக் கோடும் அந்தப் பக்கக் கோடும் நெருங்கிக்கொண்டே வந்து, இடுப்பில் ஒட்டி, ஒரே கோடாகிக் கீழே இறங்கின.

"இந்த அளவுக்கு வெட்டிடும்மா," என்றாள்.