முந்திப் போனவள்

உணர்மானி மூன்றாம் முறையாகச் சிவந்தது. நெற்றியில் ஒட்டியிருந்த அந்தச் சின்னப் பட்டையைப் பிய்த்து மேசைமேல் போட்டாள் பிரமிளா.

"வண்டியெல்லாம் நல்லாத்தான் ஓட்டறீங்க," என்றார் ஆய்வாளர். "அந்த வண்டி முந்துனதும் கொதிச்சுப் போயிடறீங்க. சனிக்கிழமை வாங்கம்மா."

எட்டுப் போட்டுக் காட்டி உரிமம் வாங்கிய காலம் மலையேறிவிட்டது. விபத்துக்குக் காரணம் கையல்ல, மனசு என்று கண்டுபிடித்த நாளிலிருந்து உணர்மானி வைத்ததுதான் தேர்வு. யாரை நினைத்தால் உங்களுக்கு வயிறு எரியுமோ, அவரை உங்கள் நினைவிலிருந்தே பிடித்துவந்து, திரையில் உங்களை முந்திப் போகவைக்கும். பட்டை பச்சையாகவே இருந்தால் உரிமம். அப்புறமும் பட்டையை ஒட்டாமல் வண்டி கிளம்பாது. வழியில் சிவந்தால் தானாக ஓரங்கட்டி, மனசு ஆறும்வரை நின்றுவிடும்.

மூன்று முறையும் பிரமிளாவை முந்தியது அவளுடைய ஓரகத்தி நிலாமதி. கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, முதல் தடவையே உரிமம் வாங்கிவிட்டாள். மாமியார் அதைத் தெருவெல்லாம் சொல்லி முடித்தாயிற்று. பிரமிளாவுக்கோ திங்கட்கிழமை பால் நிறுவனத்தில் கள அதிகாரி வேலை. உரிமம் இல்லையென்றால் அது வேறு யாருக்கோ போய்விடும்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேவிட்டாள். "உனக்கு யாருடி வந்தாங்க, திரையில?"

நிலாமதி வெங்காயம் உரித்துக்கொண்டே, "நீங்கதானுங்க்கா," என்றாள்.

பிரமிளாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இவளுக்கா, என்மேலா? மேற்கொண்டு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. சனிக்கிழமை திரையில் நிலாமதி முந்தியபோது, 'போடி, வயிற்றெரிச்சல்காரி' என்று சிரித்துக்கொண்டாள். பட்டை பச்சையாகவே இருந்தது.

திங்கட்கிழமை காலை நிலாமதியும் காரில் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டாள். "என் ஆபீசும் அதே வழிதானுங்களே. உங்களுக்கு உரிமம் வந்தது நிம்மதிங்க்கா. இனி எனக்கு ஓட்டற தொல்லை இல்ல."

"அன்னிக்கு நான் முந்துனப்ப உனக்கு எரியலையா?"

"எரியப் பாத்துச்சுங்க. போகட்டும்னு உட்டுட்டேன்."

சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். ஈரோடு சாலையில் ஏறுவதற்குள் லேசான குறட்டை.

வெயில் பிரமிளாவின் கண்ணைக் குத்தியது. முன்னால் லாரி, பின்னால் விடாமல் ஹாரன் அடிக்கும் பஸ். முதல் நாள், நேரத்துக்குப் போய்ச் சேரவேண்டும். பக்கத்தில் பார்த்தாள். வாய் பிளந்து, கவலையே இல்லாத தூக்கம். கொடுத்து வைத்தவள் என்று நினைத்தாள்.

வண்டி தானாக ஓரங்கட்டி நின்றது.

நிலாமதி பாதிக் கண் திறந்தாள். "ஆபீஸ் வந்துருச்சுங்களாக்கா?"

"இன்னும் இல்லடி."

"அப்ப வந்ததும் எழுப்புங்க," என்று மறுபடி தூங்கிப்போனாள்.