கையெழுத்துக்கு ஆள் வராத பக்கங்கள்

பதின்மூன்று பக்கங்களை அழித்து முடித்த பிறகும் திரையின் அடியில் ஐம்பத்து மூன்று என்றே இருந்தது. நிமியா ஓவெலார் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். நாற்பதாம் பக்கத்தோடு எழுத்து முடிந்துவிட்டது, சரி. ஆனால் அதற்குக் கீழே வெள்ளைப் பக்கம் ஒன்று. அதற்குக் கீழே இன்னொன்று. உருட்டிக்கொண்டே போனால் பதின்மூன்று வெள்ளைப் பக்கங்கள், அழித்தது அத்தனையும் அதே இடத்தில், எழுத்து மட்டும் இல்லாமல்.

"சனியன்," என்றாள். பத்தொன்பது வருடமாகத் தட்டச்சு செய்கிறவளுக்குக் காலிப் பக்கம் ஒன்றும் புதிதல்ல. அட்டவணைக்குப் பின்னால் ஒரு என்டர் ஒட்டிக்கொண்டிருக்கும், அதற்காக முழுப் பக்கம் ஒன்று பிறக்கும். அழித்தால் போய்விடும். அழித்தாள். போனது. நாற்பது என்று காட்டியது. தெரேரே என்கிற குளிர்ந்த மூலிகைப் பானக் குவளையை எடுத்து ஒரு மடக்கு உறிஞ்சிவிட்டுத் திரும்பினாள். ஐம்பத்து மூன்று.

மணி ஒன்றேகால். ஊர் மொத்தமும் மதியத் தூக்கத்தில் கிடந்தது. பராகுவே ஆற்றங்கரையில் ஜனவரிக் கோடையில் இந்த நேரத்துக்கு நாய்கூடத் தெருவில் நடக்காது. துறைமுக விசாரணை அலுவலகத்தின் ஜன்னல் பலகைகளெல்லாம் சாத்தியிருந்தன. இடுக்குகளில் வெயில் கம்பி கம்பியாகத் தரையில் விழுந்திருந்தது. மின்விசிறி சுற்றும்போது ஒரு இறக்கை மட்டும் எதையோ உரசி உரசிப் போனது.

டாக்டர் கபான்யாஸ் பன்னிரண்டு மணிக்கே வீட்டுக்குத் தூங்கப் போய்விட்டார். இங்கே வக்கீலுக்குப் படித்தவரெல்லாம் டாக்டர்தான். போகும்போது கதவில் சாய்ந்துகொண்டு, சாதாரணமாக, சோப்பு வாங்கி வரச் சொல்கிறமாதிரி சொல்லிவிட்டுப் போனார்.

"மூணு மணிக்கு நீதிபதியோட ஆள் வர்றார் நிமியா. அறிக்கையில நாப்பது பேர்தான் இருக்கணும்."

"ஐம்பத்து மூணு பேர் செத்திருக்காங்க, டாக்டர்."

"படகுக்கு லைசென்ஸ் எத்தன பேருக்கு?"

"நாப்பது."

"அப்புறம் என்ன? பொணம் கிடைக்காததெல்லாம் ஏறினதா யாருக்குத் தெரியும்? கையெழுத்துப் போட ஆள் வராத பக்கமாப் பாத்து எடுத்துடு. கேக்க நாதி இல்லாததுங்க." அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "உன் நிரந்தர வேலை ஆர்டர் என் மேஜையிலதான் இருக்கு. ஒம்பது வருஷமாக் காத்திருக்க, பாவம். சாயங்காலம் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

ஆற்றில் மூழ்கிய படகு அவருடைய மச்சினனுடையது. இது ஊருக்கே தெரியும். ஊர் வாயைத் திறக்காது, அதுவும் தெரியும். ஒன்பது வருடமாக ஒவ்வொரு டிசம்பரிலும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சொல்லி இவர்கள் வாசலில் நின்று நின்று நிமியாவுக்கு மானம் என்பதே மரத்துப்போயிருந்தது. நாற்பத்தாறு வயது. பையன் ருபேன் தலைநகர் அசுன்சியோனில் படிக்கிறான். இந்த வேலையும் போனால் அவன் மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்து மணல் அள்ளத்தான் போக வேண்டும். உத்தமியாக இருக்கிற சௌகரியமெல்லாம் சம்பளம் நிச்சயமாக இருக்கிறவர்களுக்கு.

அதனால் அழித்தாள். செத்தவருக்கு ஆளுக்கொரு பக்கம். மேலே பெயர், வயது, என்ன உடுத்தியிருந்தார் என்ற விவரம். அடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வாக்கியம்: இவர் என் உறவினர், வீட்டுக்கு அழைத்துச் செல்ல ஏற்றுக்கொள்கிறேன். முன்பே எடுத்த பிரதியில் நாற்பது கோடுகளில் கையெழுத்து விழுந்திருந்தது. பதின்மூன்றில் இல்லை. மேல்நதித் தீவிலிருந்து மொத்தமாக வந்த ஒரு குடும்பம். மணல் அள்ளுகிற நான்கு பேர். கடைசி இரண்டு பக்கங்களில் பெயர்கூட இல்லை. 'பெயர் தெரியவில்லை. பெண் குழந்தை.' 'பெயர் தெரியவில்லை. சிப்பா விற்பவர். அந்தக் குழந்தையோடு வந்தவர்.' படகுத்துறையில் தலையில் கூடையோடு நிற்பாள். நிமியாவே எத்தனையோ காலை அவளிடம் சுடச்சுடச் சிப்பா ரொட்டி வாங்கித் தின்றிருக்கிறாள். பெயரைக் கேட்கத் தோன்றியதே இல்லை. அந்தப் பக்கத்தை அழிக்கும்போது மட்டும் விரல் கொஞ்சம் தயங்கியது. கொஞ்சம்தான்.

இப்போது மறைந்திருக்கும் குறிகளைக் காட்டும் பட்டனை அழுத்தினாள். எந்த இடத்தில் என்டர் தட்டியிருக்கிறது, எங்கே இடைவெளி விட்டிருக்கிறது, எல்லாம் தெரிந்துவிடும். வெள்ளைப் பக்கங்கள் வெள்ளையாக இல்லை. புள்ளிகள். இடைவெளிக்கு ஒரு புள்ளியாக, வரி வரியாக, மேலிருந்து கீழ்வரை. கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது அவள் கை மவுஸின்மேல் அப்படியே நின்றுவிட்டது. முதல் வரிப் புள்ளிகளின் நீளம் அவளுக்குத் தெரிந்த நீளம். அடுத்த வரியும். அழித்த எழுத்துக்கு எழுத்து ஒரு புள்ளி.

அட, இது மெஷின் செய்கிற கோளாறு. வேறென்ன? எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழித்தாள். எழுத்தின் அளவை ஒன்றாகக் குறைத்தாள். நாற்பது பக்கத்தையும் வேறொரு புதுக் கோப்புக்குள் கொண்டுபோய் ஒட்டினாள். ஐம்பத்து மூன்று. பக்க எண்ணைக் கையாலேயே நாற்பது என்று அடித்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மாறியது.

வராந்தாவில் சொட்டுச் சத்தம் கேட்டது. ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்று நினைத்தாள். ஏசி போன வருடமே கெட்டுப்போய்விட்டது என்பது சற்றுக் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது. ஆற்றுச் சேற்றின் புளித்த வாடை கதவுக்கு அடியிலிருந்து மெல்ல மெல்ல ஏறி வந்தது. அதோடு கலந்து, தெளிவாக, சோம்பு போட்ட சிப்பாவின் மணம்.

மணி இரண்டரை.

அழுகை வந்தது அவளுக்கு. பயத்தைவிட ஆத்திரம். "செத்தும் என் பொழப்புலயா கை வைப்பீங்க?" என்று திரையைப் பார்த்துக் கத்தினாள். கத்திய பிறகு, யாரிடம் கத்தினோம் என்று உடம்பு கூசியது.

அப்போதுதான் வழி தோன்றியது. எந்த அலுவலகத்திலும் செய்கிற வழி. கோப்பில் காலித் தாள் இருந்தால் குற்றமில்லை. பின்னால் யாரும் அதில் எதையும் எழுதிச் சேர்க்காமலிருக்க, குறுக்கே மூலைக்கு மூலை கோடு இழுத்து, 'காலி' என்று எழுதி, குமாஸ்தா அடியில் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். அவ்வளவுதான். நீதிபதியின் ஆள் அப்படிப்பட்ட தாளை ஆயிரம் பார்த்திருப்பான். ஏன் இது முதலிலேயே தோன்றவில்லை!

அச்சுக்குக் கொடுத்தாள். நாற்பது தாள் வந்தது. பிறகு பதின்மூன்று வெள்ளைத் தாள், ஒன்றன்பின் ஒன்றாக, மெதுவாக. தொட்டால் ஈரம். வெயிலில் வியர்த்த கை, அதுதான் என்று பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

கோடு. காலி. கையெழுத்து.

கோடு. காலி. கையெழுத்து.

ஒவ்வொரு கையெழுத்துக்கும் வராந்தாவில் பெஞ்சு ஒருமுறை முனகியது. யாரோ உட்காருகிறமாதிரி. அவள் நிமிரவில்லை. ஏழு. எட்டு. பெஞ்சில் இடம் நெருக்கிக்கொள்கிற சத்தம். பதினொன்று. யாரோ இருமினார்கள். இருமலோடு தண்ணீர் வந்து தரையில் கொட்டியது.

பன்னிரண்டு.

பதின்மூன்று.

பேனாவை வைத்துவிட்டுத் தாள்களை அடுக்கினாள். கடைசித் தாள் மேலே இருந்தது. அவள் கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடு. அச்சடித்த கோடு. முன்பு இல்லை. சத்தியமாக இல்லை. கோட்டுக்குக் கீழே பொடி எழுத்து.

இவர் என் உறவினர், வீட்டுக்கு அழைத்துச் செல்ல ஏற்றுக்கொள்கிறேன்.

அடுத்த தாள். அதிலும். அடுத்தது. எல்லாவற்றிலும் நிமியா ஓவெலார், நிமியா ஓவெலார், தன் கையால், வளைத்து வளைத்து, அழகாக.

கிழிக்கப் பார்த்தாள். ஊறிய துணிபோலத் தாள் இழுபட்டது, கிழியவில்லை.

கதவு தட்டப்பட்டது. மரியாதையாக, இரண்டே தட்டு.

"யாரு?"

"நாங்கதான்," என்றது ஒரு பெண் குரல். தொண்டைக்குள் தண்ணீர் புரளுகிற குரல். "எங்கள யாருமே கேக்க வரமாட்டாங்கன்னு நெனச்சிட்டோம்கா. நல்லவேள நீங்க கையெழுத்துப் போட்டீங்க."

தாழ்ப்பாள் போட்டிருந்தது. கதவு திறந்தது.

வெயிலில் கண் கூசியது. அந்த வெயிலில் வரிசையாக நின்றிருந்தார்கள், மூட்டை முடிச்சோடு, ஊருக்குக் கிளம்புகிற மாதிரி. முகங்கள் உப்பி, கண் இருக்கும் இடத்தில் மணல். முன்னால் நின்றவள் தலையில் கூடை. கூடையிலிருந்து தண்ணீர் ஒழுகி அவள் நெற்றி வழியே இறங்கிக்கொண்டிருந்தது.

"வீடு தூரமாக்கா? ராத்திரி எல்லாரும் படுக்க எடம் இருக்குமா?"

நிமியா சுவரோடு ஒட்டிப் பின்னால் நகர்ந்தாள்.

அந்தப் பெண் இடுப்புக்குப் பக்கத்திலிருந்த குழந்தையை முன்னே தள்ளினாள். "போடி. பெரியம்மா கையப் புடிச்சுக்கோ."

குழந்தை வந்து பிடித்துக்கொண்டது. ஜில்லென்ற சின்ன விரல்கள், நிமியாவின் விரல்களுக்குள் ஒவ்வொன்றாக நுழைந்து, இறுகின.

அவள் வெடுக்கென்று கையை இழுத்தாள். குழந்தையின் கைத்தோல் முழங்கைவரை உறைபோலக் கழன்று, ஐந்து விரலோடும், அவள் கையிலேயே தொங்கியது.

குழந்தை அழவில்லை. மற்றக் கையை நீட்டியது.