இரண்டு மெஷின், ஒரு பட்டன்

காலை 9.10. மூட்டு அறுவை முடிந்து வீட்டுக்குக் கிளம்ப நின்ற பஸ் டிரைவரின் டிஸ்சார்ஜ் தாளை டாக்டர் திரும்ப வாங்கிக்கொண்டார். மறுநாள் அவர் மகளுக்குக் கல்யாணம். ஆனால் விடிந்ததிலிருந்து மூன்று தடவை வயிற்றுப்போக்கு. ஆஸ்பத்திரியில் தொற்றுகிற குடல் கிருமியோ என்று மல மாதிரி ஆய்வகத்துக்குப் போனது.

அங்கே அந்த மாதம், எது மேல் என்று பார்க்க, இரண்டு மெஷின்களுக்குப் போட்டி. இரண்டும் கிருமியின் மரபணுவைத் தேடுபவை. பழையது ‘இல்லை’ என்றது. புதியது ‘உண்டு’ என்று அடித்துச் சொன்னது. டாக்டர் புதியதை நம்பினார். தனியறை, குறைந்தது ஒரு வாரம். டிரைவரின் மனைவி தாழ்வாரத்திலேயே அழுதுவிட்டாள்.

எதையும் இரண்டு தடவை பார்ப்பதால் ‘பூதக்கண்ணாடி’ என்று பெயர் வாங்கிய ஆய்வக அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. மிச்ச மாதிரியில் கிருமி கக்கும் நச்சு இருக்கிறதா என்று பார்த்தாள். துளிகூட இல்லை. அப்புறம் ஏன் வயிறு கலங்கியது? நேரே வார்டுக்குப் போய்விட்டாள்.

10.50. தலைமாட்டில் கல்யாணக் கோட்டு தொங்கியது. மேசையில் பிசுபிசுத்த ஸ்பூன் ஒன்று செய்தித்தாளோடு ஒட்டிக் கிடந்தது. எத்தனை தடவை வெளிக்குப் போனார் என்று எழுதும் நர்ஸின் அட்டவணையில் எல்லாரும் இன்றைய மூன்றைத்தான் பார்த்திருந்தார்கள். அவள் முந்தைய நான்கு நாளையும் பார்த்தாள். நான்கிலும் பூஜ்யம்.

“நேத்து ராத்திரி என்ன மருந்துண்ணே?”

“நர்ஸம்மா குடுத்ததுதான்.”

“அவங்க குடுத்தது மாத்திரை. ஸ்பூன் எதுக்கு?”

டிரைவர் ஸ்பூனைத் தலையணைக்கடியில் தள்ளப் பார்த்தார். அவள் கண் கோட்டுக்குப் போனது.

“கோட்டைப் போட்டுப் பாத்தீங்களா?”

“கடைசிப் பட்டன் மாட்டல தங்கச்சி. நாலு நாளா வயிறு கல்லு மாதிரி. வீட்லேர்ந்து பேதி மருந்து கொண்டாந்திருந்தேன். மூணு ஸ்பூன்…” வெட்கத்தில் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார்.

அக்கா டாக்டரிடம் விளக்கினாள். “புது மெஷின் பொய் சொல்லல டாக்டர். கிருமி கொஞ்சமா, சும்மா ஒட்டிக்கிட்டு இருந்தாலும் அது பிடிச்சிடும். ஆனா இவரை ஓட வச்சது கிருமி இல்ல, பேதி மருந்து. அது தெரிஞ்சிருந்தா மாதிரியே அனுப்பியிருக்க மாட்டோம்.”

டாக்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். சோப்புப் போட்டுக் கை கழுவணும், மறுபடி வயிற்றுப்போக்கு வந்தால் உடனே வரணும் என்று சொல்லித் தாளில் கையெழுத்திட்டார்.

மறுநாள் காலை 11.20. ஆய்வகத்துக்குக் கல்யாணப் படம் வந்தது. மகள் பக்கத்தில் டிரைவர், வாயெல்லாம் பல்லாக நின்றார். கோட்டின் கடைசிப் பட்டன் திறந்தே இருந்தது.