சொன்னது சொன்னபடி

காலை 6.10.

நாலாம் அறையின் கதவு திறந்ததும் வெள்ளைப் புகை குபுகுபுவென்று வெளியே வந்தது. பின்னாலேயே இன்டர்காமில் மெக்கானிக்கின் குரல்.

"ஆபரேட்டரம்மா, கீழ வாங்க."

ஆபரேட்டர் படியில் இறங்கி ஓடினாள்.

கதவுக்கு உள்பக்கம், தரையோடு தரையாகத் தெர்மாமீட்டர் சுருண்டு கிடந்தார். மருந்தின் தரத்தைச் சோதிக்கும் ஆய்வாளர். சட்டைப் பையில் எந்நேரமும் வெப்பமானி துருத்திக்கொண்டிருந்ததால் அந்தப் பெயர். புருவமெல்லாம் பனி. இரண்டு கை முட்டிகளிலும் தோல் உரிந்து ரத்தம் உறைந்திருந்தது. கதவருகே இருந்த அபாய மணியின் பொத்தானை அழுத்தி அழுத்தி உடைத்தே விட்டிருந்தார். மணி ஒலிக்கவில்லை.

அவர் தனிக்கட்டை. இரவு வீடு திரும்பாததைக் கேட்க ஆள் இல்லை.

ஆபரேட்டர் தன் வலது கைக் கட்டைவிரலைப் பார்த்தாள். நேற்று மாலை இந்தக் கதவைப் பூட்டியது அந்த விரல்தான்.

அது தடுப்பூசி மருந்துகளைச் சேர்த்து வைக்கும் குளிர்கிடங்கு. கீழ்த்தளத்தில் நான்கு அறைகள். நாலாவதில் மைனஸ் இருபது டிகிரி. கதவுகளுக்கு மின்சாரத் தாழ்ப்பாள். அதன் பொத்தான்கள் மாடியில், ஆபரேட்டரின் மேசையில். அறை காலி என்று கீழேயிருந்து போன் வரும். இவள் அழுத்துவாள். ஆறு வருடமாக இதுதான் வேலை.

காலை 8.15.

இன்ஸ்பெக்டர் அளந்து பேசுகிற மனிதர். ஆபரேட்டரின் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"யார் சொல்லிப் பூட்டினீங்க?"

"அதாவது சார்."

"அதாவதுன்னா?"

"அவரைத்தான் அப்படிக் கூப்பிடுவோம் சார். குடோன் சூப்பர்வைசர். வாயைத் திறந்தா அதாவது, அதாவதுன்னு..."

அந்த ஒரு சொல் கிடங்கில் இருந்த எல்லாருடைய உயிரையும் வாங்கிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் மெக்கானிக் அவரைப் போலவே பேசிக் காட்டுவான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். வாரக் கூட்டத்தில் மேனேஜர், "அந்த அதாவதை வீட்லயே கழட்டி வச்சிட்டு வாய்யா" என்று முகத்துக்கு நேரே சொல்வார். அதாவது அசடு வழியச் சிரித்துவிட்டு அடுத்த நிமிடமே மறுபடி சொல்வார்.

"அது அவர் குரல்தானா?"

"அந்த போன்ல எல்லார் குரலும் கரகரன்னு ஒரே மாதிரிதான் சார் வரும். ஆனா அதாவது இருந்துச்சே."

"உங்க மேசையில எந்த போனுக்கான விளக்கு எரிஞ்சுது?"

"கீழ, ரூம் வாசல்ல இருக்கற போன் விளக்குதான்."

"அந்தக் குரலைக் கேட்டது நீங்க மட்டும்தான்."

அவர் பேனாவை மேசையில் வைத்தார். போனே வரவில்லை, நீயே அழுத்தினாய் என்று ஒருத்தர் சொன்னால் இல்லையென்று சொல்ல அவளிடம் என்ன இருக்கிறது? ஒரு நோட்டு. அவ்வளவுதான்.

நோட்டை அவர் பக்கம் நகர்த்தி, அதன் கதையையும் சொன்னாள். இரண்டு வருடம் முன்பு ஏதோ தகராறு வந்தபோது மேனேஜர் போட்ட உத்தரவு அது: போனில் சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும், ஒரு சொல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அந்த வாரம் அவளுக்கு இருந்த எரிச்சலில், அப்படியே ஆகட்டும் என்று அதாவது சொன்ன ஒவ்வொரு அதாவதையும் எழுத ஆரம்பித்தாள். மேனேஜர் மாதம் தவறாமல் கையெழுத்துப் போட்டார். ஒரு பக்கத்தையும் அவர் படித்ததில்லை.

நேற்றைய கடைசி வரியை இன்ஸ்பெக்டர் வாய்விட்டுப் படித்தார்.

"6.42. அதாவது நாலாம் நம்பர்ல யாரும் இல்ல. பூட்டிடுங்க."

காலை 8.50.

அதாவது உள்ளே வந்தார். ஐம்பது வயது, தொளதொள சட்டை. ஆபரேட்டரின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

"6.42க்கு இவங்களுக்கு போன் செஞ்சீங்களா?"

"இல்ல சார். மூணு ரூமுக்குத்தான் சொன்னேன். மாமியார் வீட்ல தெர்மாமீட்டர் ஏதோ வேலையா இருந்தார். அவர் வெளிய வரட்டும்னு விட்டேன்."

"மாமியார் வீடா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆபரேட்டர்தான் மெல்லச் சொன்னாள்.

"நாலாம் ரூம் சார். அங்கதான் குளிர் ஆளைக் கொல்லும்." சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவளுக்கு உறைத்தது. "முதலாளியம்மா எங்க மேனேஜரோட மாமியார். அதை வச்சுதான் கேலியா... அவர் காதுல விழற மாதிரி சொல்ல மாட்டோம்."

"அப்புறம் எங்க இருந்தீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர், அதாவதிடம்.

"வாசல்ல லாரி வந்துச்சு. இறக்கி முடிக்க ஏழு மணி ஆயிடுச்சு. திரும்பி வந்தா ரூம் அதாவது பூட்டியிருந்துச்சு. தெர்மாமீட்டரே சொல்லிட்டுக் கிளம்பிட்டார்னு நினைச்சேன் சார்."

"டிரைவர் உங்களைப் பாத்திருப்பாரே?"

"அவர் சீட்லயே தூங்கிட்டார்."

"உள்ள எட்டிப் பாக்கலாம்னு தோணலையா?"

அதாவதின் கண் கலங்கியது. "அதாவது பாத்திருக்கணும் சார். தப்புதான்."

காலை 9.20.

மெக்கானிக் வந்ததும் வராததுமாக ஆரம்பித்தான்.

"மணி ஒயரை யாரோ வெளியிலேர்ந்து வெட்டியிருக்காங்க சார். என் பெட்டியில கட்டிங் பிளேயரக் காணோம். நானே சொல்லிடறேன், அப்புறம் நீங்க கண்டுபிடிச்சா கதையே வேற ஆயிடும்."

"நீங்க அதாவது மாதிரி நல்லா பேசுவீங்களாமே?"

அவன் முகத்தில் ஈயாடவில்லை. "சும்மா விளையாட்டுக்கு சார். சத்தியமா நேத்து நான் ஜெனரேட்டர் ரூம்ல இருந்தேன். எண்ணெய் ஊத்த வந்த ரெண்டு பேர் கூட இருந்தாங்க, கேட்டுப் பாருங்க."

"தெர்மாமீட்டர் மேல யாருக்காவது கோபம் இருந்துச்சா?"

மெக்கானிக் கதவைத் திரும்பிப் பார்த்தான். குரல் இறங்கியது.

"போன மாசம் மாமியார் வீட்ல குளிர் மெஷின் ரெண்டு நாள் நின்னுபோச்சு சார். உள்ள இருந்த மருந்தெல்லாம் வீண். ஆனா டெம்பரேச்சர் நோட்டுல மைனஸ் இருபதுன்னுதான் எழுதியிருக்கு. தெர்மாமீட்டர் அதைக் கண்டுபிடிச்சிட்டார்."

"யார் எழுதச் சொன்னது?"

"எனக்கு மூணு பிள்ளைங்க சார்" என்றான் அவன். அதோடு சரி.

காலை 10.05.

மேனேஜர் சலவை மடிப்புக் கலையாமல் வந்தார். 6.42க்குத் தன் அறையில் அறிக்கை எழுதிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். கூட யாரும் இல்லை.

"நாலாம் நம்பர்ல மணி வேலை செய்யலைனு எனக்கு யாரும் சொல்லவே இல்லை. குடோனுக்கு அவன்தானே பொறுப்பு?"

"போன்ல பேசினது அவர்னு நம்பறீங்களா?"

"வேற யாரு? ஒவ்வொரு பேச்சையும் அதாவதுலதான் ஆரம்பிப்பான். நூறு பேருக்கு நடுவுல கண்ணைக் கட்டி விட்டாலும் கண்டுபிடிச்சிடலாம்."

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கீழே போனார்.

காலை 11.30.

ஆபரேட்டர் தனியாக இருந்தாள். கதவு திறந்து, மறுபடி மூடிக்கொள்ளும் சத்தம். திரும்பிப் பார்ப்பதற்குள் மேனேஜர் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார். முதுகுச் சாய்வின் மேல் அவர் கை.

"நோட்டைக் குடும்மா. நான் பத்திரமா வைக்கறேன்."

"இன்ஸ்பெக்டர் எடுத்துட்டுப் போயிட்டார் சார்."

அவர் மூச்சு அவள் உச்சந்தலையில் பட்டது.

"பொத்தானை அழுத்தினது நீ. அதை மறந்துடாதே. கோர்ட்ல உன்னையும்தான் ஏத்துவாங்க. அது அவன் குரல்தான்னு அடிச்சுச் சொல்லிட்டா உனக்கு ஒண்ணும் வராது. கரகரன்னு இருந்துச்சு, தெரியலைன்னு இழுத்தியோ..." அவர் முடிக்கவில்லை. நாற்காலியை லேசாக ஒரு தட்டுத் தட்டினார். "உனக்கு நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவர் போய்விட்டார். குரல் கரகரவென்று இருந்ததை அவள் இன்ஸ்பெக்டரிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். இவர் கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறார். எழுந்து கதவைத் தாழிட்டாள். தாழ்ப்பாளில் கை வைத்ததும் உள்ளே அடைபட்டுக் கிடந்தவரின் ஞாபகம் வந்தது. உடனே திறந்துவிட்டு, திறந்த கதவையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மதியம் 12.40.

இன்ஸ்பெக்டர் அதாவதை அழைத்துக்கொண்டு வந்தார். நோட்டில் இருபது இடத்திலாவது காகிதத் துண்டுகள் செருகியிருந்தன.

"ரெண்டு வருஷத்து நோட்டையும் படிச்சேன்" என்றார் ஆபரேட்டரிடம். "உங்களுக்கு எரிச்சல் வந்ததே நல்லதாப் போச்சு. கேளுங்க. 'முதல் ரூம் காலி. அதாவது பூட்டுங்க.' 'ரெண்டுல அதாவது பத்து நிமிஷம் வேலை இருக்கு.' 'மாமியார் வீடு காலி. அதாவது பூட்டுங்க.' என்ன தெரியுது?"

"எல்லாத்துலயும் அதாவது இருக்கு சார்."

"எங்க இருக்கு?"

அவள் நோட்டை எட்டிப் பார்த்தாள். அவர் அதாவதின் பக்கம் திரும்பினார். குரல் தணிந்திருந்தது.

"பூட்டுன்னு மட்டும் ஒரு தடவை சொல்லுங்க. முன்னாடி எதுவும் வேண்டாம்."

அதாவதின் உதடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கழுத்து நரம்பு புடைத்தது. முகம் சிவந்து, கண் இறுக மூடி, தாடை வெட்டி வெட்டி இழுத்தது. ஒரு சத்தமும் வரவில்லை. ஆபரேட்டரால் பார்க்க முடியவில்லை.

"போதும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அதாவது பூட்டு" என்று மூச்சு விட்டார் அவர். வியர்வை கொட்டியது. "சின்ன வயசுலேர்ந்து சார். அந்த ஒரு எழுத்து வராது. அதாவது சொல்லித் தாண்டிடுவேன். வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது. தெரிஞ்சா திக்குவாய்னு சிரிப்பாங்க. இதுன்னா சும்மா கெட்ட வழக்கம்னு திட்டறதோட விட்டுடுவாங்க."

"ஜெயிலுக்குப் போயிருப்பீங்களே, இதை மறைச்சா?"

அதாவது சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். போயிருப்பார் என்றுதான் ஆபரேட்டருக்குத் தோன்றியது. ஆறு வருடமாக அவள் காதில் அறைந்த சொல், ஒரு மனிதன் ஊன்றி நடந்த கோல். பூட்டுவதே வேலையாக வாய்த்தவன் அதை எத்தனை தடவை ஊன்ற வேண்டியிருந்ததோ.

"உங்களுக்கு ப மாதிரி, என் அக்காவுக்கு க வராது" என்றார் இன்ஸ்பெக்டர். "என் பேரு அதுலதான் ஆரம்பிக்குது. 'வந்து' சேர்க்காம அவ என்னைக் கூப்பிட்டதே இல்லை."

மதியம் 1.05.

மேனேஜரும் மெக்கானிக்கும் வரவழைக்கப்பட்டார்கள். ஒரு போலீஸ்காரர் வாசலை மறைத்து நின்றார்.

"சார், ஒரு சின்னக் கேள்வி" என்றார் இன்ஸ்பெக்டர் மேனேஜரிடம். "நாலாம் ரூமுக்கு இங்க இருக்கறவங்க என்ன பேரு வச்சிருக்காங்க?"

"பேரா? நாலாம் நம்பர். வேற என்ன?"

மெக்கானிக் தரையைப் பார்த்தான்.

"இந்தக் கட்டடத்துல அப்படிச் சொல்ற ஆள் நீங்க ஒருத்தர்தான். நீங்க மாசாமாசம் கையெழுத்துப் போட்ட நோட்டுலயே வேற பேரு இருக்கு. நேத்து 6.42க்கு மட்டும் நாலாம் நம்பர்னு இருக்கு. அந்த வரியில இன்னொண்ணும் இருக்கு. சூப்பர்வைசர் அதாவது சொல்லாம பூட்டுங்கற வார்த்தையைச் சொன்னதே கிடையாது. நேத்து போன் பண்ணினவர் அதாவதை ஆரம்பத்துல வச்சிட்டு, பூட்டிடுங்கன்னு ஒரு தடங்கலும் இல்லாம சொல்லியிருக்கார். மெக்கானிக்கா இருந்தா மாமியார் வீடுன்னு சொல்லியிருப்பார். கூட இருந்த ரெண்டு பேரையும் விசாரிச்சாச்சு."

"ஒரு வார்த்தையை வச்சு என்னைக் கொலைகாரன்னு சொல்றீங்களா?"

"வார்த்தை உங்களைக் காட்டிக் குடுத்துச்சு. அதுக்கப்புறம்தான் உங்க காரைத் திறக்கச் சொன்னேன். டிக்கியில, ஸ்டெப்னிக்கு அடியில பிளேயர் இருந்துச்சு. மணி ஒயரோட செம்புத் துணுக்கு இன்னும் அதோட பல்லுல இருக்கு. தெர்மாமீட்டரோட சட்டைப் பையில, அந்த ரெண்டு நாளும் பதிவுக் கருவி தானா அச்சடிச்ச வெப்பநிலைச் சீட்டு இருந்துச்சு. டெம்பரேச்சர் நோட்டுல இருக்கற மைனஸ் இருபது உங்க கையெழுத்துல இருக்கு."

மேனேஜர் உட்கார நாற்காலி தேடினார். யாரும் நகர்த்திக் கொடுக்கவில்லை.

"இன்னிக்கு முதலாளியம்மாகிட்ட போறேன்னான்" என்றார் கடைசியில். "கடைசி அலமாரியில ஒரு பெட்டி எண் சரியில்லை, பாத்துட்டு வந்து பேசலாம்னு உள்ள அனுப்பினேன்." சட்டென்று ஆபரேட்டரைப் பார்த்தார். "நீதானே அழுத்தினே?"

போலீஸ்காரர் அவர் முழங்கையைப் பிடித்தார்.

மாலை 6.35.

வேலை நிற்க முடியாது. மீதி மருந்துகளுக்குக் குளிர் வேண்டும்.

கீழ்த்தளத்து விளக்கு எரிந்தது. போனை எடுத்தாள்.

"முதல் ரூம் காலி" என்றது குரல். "அதாவது பூட்டுங்க."

அவள் விரல் பொத்தானுக்கு மேலே நின்றது. இறங்க மறுத்தது. குரல் அவருடையதுதான். அதாவது இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. தெரிந்தும் விரல் கேட்கவில்லை.

"இருங்கண்ணா" என்றாள். "நான் கீழ வரேன்."

படிகளில் கைப்பிடியை விடாமல் இறங்கினாள். அதாவது கதவைத் தோளால் முட்டுக் கொடுத்துப் பிடித்திருந்தார். ஏன் வந்தாய் என்று அவர் கேட்கவில்லை. புகை மூட்டத்துக்குள் அலமாரிகளும் பெட்டிகளும் கடைசிவரை தெரிந்தன. ஒரு ஈ காக்கை இல்லை.

"உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று கூப்பிட்டாள்.

விசிறியின் சத்தம் மட்டும் வந்தது. அவள் காத்திருந்தாள். பிறகு இன்னும் கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டாள்.