அனல்பொறையின் பொறுமை

திங்கட்கிழமை விடிந்து பூமிக் கணக்கில் பதின்மூன்று நாட்கள் ஆகியிருந்தன. புதன் கோளில் சூரியன் உதித்து மறைய எண்பத்தெட்டு நாட்கள் பிடிக்கும். ஆகவே குடியிருப்புக்காரர்களுக்கு அது இன்னும் திங்கட்கிழமைக் காலைதான்.

வெடிப்புப் பொறியாளர் சண்முகவடிவு காப்பியைத் தொடவில்லை. சரிந்துபோன சுரங்கத்துக்குள் அவள் கணவன் கோமதிநாயகம் மாட்டிக்கொண்டிருந்தான். பாறைக்கு அப்பால், ஒரு வளைவுக்குப் பின்னால் பத்திரமாகத்தான் இருந்தான். ஆனால் அவனிடம் மிச்சமிருந்த பிராணவாயு மூன்று மணி நேரத்துக்குத்தான் வரும். துளையிட்டு, வெடிமருந்து வைத்து, ஆட்களை விலக்கி, எல்லாம் ஆயிற்று. பொத்தானை அழுத்தினாள். திரையில் ‘காத்திருக்கவும்’ என்று வந்தது.

அவளுக்கு முதலில் மருந்தின் மீதுதான் சந்தேகம். அனல்பொறை என்று அதற்குப் பெயர். முந்நூறு டிகிரியில் கொதிக்கும் பாறைக்குள் மாதக்கணக்கில் கிடந்தாலும் கெடாது, தானாக வெடிக்காது. அதற்கென்று உள்ள தூண்டல் கிடைத்தால் மட்டுமே வெடிக்கும். மும்முறை சோதித்தாள். மருந்து நன்றாகவே இருந்தது. கம்பிகளும் சரி. மறுபடி அழுத்தினாள். மறுபடி ‘காத்திருக்கவும்’.

இரண்டரை மணி நேரம் இப்படியே போயிற்று. எதைச் சந்தேகிப்பது என்றே தெரியாமல், கடைசியில் கட்டுப்பாட்டு எந்திரனிடமே கேட்டாள். தடை மருந்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது என்றது அது. உதயம் முதல் அஸ்தமனம் வரையிலான பகலை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு பதினோரு நாள். திங்கட்கிழமையில் இரண்டாம் பங்கு ராகு காலம். முடிய இன்னும் ஒன்பது நாள்.

சுரங்க இயக்குநர் அம்பலவாணனை அழைத்தாள். அவர் சங்கடத்தோடுதான் பேசினார். பழைய மருந்து இந்தச் சூட்டில் அரை மணி நேரம்கூடத் தாங்காதாம். அப்போது யாரும் நேரம் பார்க்கவில்லையாம். அனல்பொறை வந்தபிறகுதான் ராகு காலத்தில் வெடிக்கக் கூடாது என்ற விதியைச் சேர்த்தார்களாம்.

“இது எத்தன நாளும் தாங்குமேம்மா. அதான் நல்ல நேரம் பாத்துச் செய்யலாமேன்னு...”

“மருந்து தாங்கும் சார். அவரு தாங்க மாட்டாரு.”

விதியை மாற்ற நிர்வாகக் குழு கூடவேண்டும் என்றார் அவர். அவள் இணைப்பைத் துண்டித்தாள். எந்திரனிடமிருந்து கம்பிகளைப் பிடுங்கிக் கையால் இயக்கும் வெடிப்பெட்டியில் மாட்டித் திருகினாள். தரை அதிர்ந்தது.

தூசி அடங்கியதும் ஓடினாள். பாறையில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வழி பிறந்திருந்தது. அதன் மறுபக்கம் கோமதிநாயகம், காப்பு உடையோடு, உயிரோடு நின்றான். அவன் மார்பிலிருந்த பிராணவாயு மானி பதினோரு நிமிடம் காட்டியது. கையை நீட்டினாள். அவன் பிடிக்கவில்லை, ஒரு காலைத் தூக்கியவன் அப்படியே நின்றுவிட்டான்.

“ஏட்டி வடிவு,” அவன் குரல் காதுக்கருவியில் கரகரத்தது. “உதயத்துலேருந்து கணக்குப் போட்டா, இப்ப ராகு காலம்லா ஓடுது?”

அவள் கையை இன்னும் எட்டி நீட்டினாள்.

“பூமியில முடிஞ்சிட்டு. வாங்க.”

அவன் காலைக் கீழே வைக்காமல் யோசித்தான்.

“சென்னை உதயமா, நம்ம திருநெல்வேலி உதயமா?”